தார் ஊற்றும் நாளுக்கு முன்னும் பின்னும்

மாத்தளை நகரில் ஏ-9 வீதியை விட்டு விலகி மலைப்பக்கம் ஏறும் பாதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வழுவழுப்பான காபட் வீதி, நடுவில் வெள்ளைக் கோடு, ஓரத்தில் வடிகான். சில கிலோமீற்றர் போனதும் அகலம் குறைகிறது. தார் தேய்ந்து கல் தெரிகிறது. ஒரு கடைச்சந்தியில் திரும்பினால் கொங்கிரீட். அதுவும் ஒரு மதகோடு நின்றுவிட, அப்பால் சல்லிக்கல்லும் செம்மண்ணும். அந்தப் பாதை முடியும் இடத்தில் தோட்டத் தொழிலாளரின் லயம். ஒரே த்ரீவீலரில் ஒரே பயணமாகப் போனாலும் நாம் கடந்து வந்தது நான்கு சொந்தக்காரர்களின் வீதியை. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி வகை வீதிகள் மாகாணத்துக்கு. அவற்றுக்குக் கீழுள்ள கிளைப் பாதைகள் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ. கடைசித் துண்டு தோட்டத்துக்கு.

லயத்தில் இருப்பவருக்கு இந்த நால்வரில் முகம் தெரிந்தவர் ஒருவர்தான்: வட்டாரத்து மெம்பர். அதனால் நால்வரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அவர் ஒருவரிடமே வந்து சேர்கிறது. "நம்ம ரோட்டு வேல என்னாச்சுங்க மெம்பர்?" கோயில் திருவிழாவில், மரண வீட்டில், கடை வாசலில், இப்போது கைப்பேசிக் குழுக்களிலும் இந்தக் கேள்வி எழுகிறது; அவரும் பதில் சொல்கிறார். வீதி வேலைகளைப் பற்றி உள்ளூராட்சி உறுப்பினர் மக்களுக்குச் செய்தி சொல்வதும், மக்களிடம் கருத்துக் கேட்பதும் ஒரு வழக்கமாகவே ஊன்றிவிட்டன. நல்ல வழக்கம். என் முறைப்பாடு அது நடக்கும் நேரத்தைப் பற்றியது. தார் ஊற்றும் நாளில் செய்தி தொடங்குகிறது, நாடா வெட்டும் நாளில் முடிந்துவிடுகிறது. எந்த வீதிக்கு வேலை என்பது தீர்மானமாவது அதற்குப் பல மாதம் முன்னால். அந்த வேலை எப்படிப்பட்டது என்பது தெரியவருவது ஒரு மழைக்காலம் பின்னால். இந்த இரண்டு காலத்திலும்தான் மக்களுக்குச் செய்தி தேவை. மக்களின் சொல் சபைக்குத் தேவை.

வழக்கத்தின் பலத்தை முதலில் சொல்ல வேண்டும். அது சிறியதல்ல. மாத்தளை மாவட்டத்தில் மாத்தளை, தம்புள்ளை என்று இரண்டு மாநகர சபைகளும் பதினொரு பிரதேச சபைகளும் இருக்கின்றன. 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் மக்கள்தொகை 484,531. ஐவரில் நால்வர் சிங்களவர். எஞ்சிய பங்கில் முஸ்லிம்களும் மலையகத் தமிழரும் இலங்கைத் தமிழரும். அலுவலகத்தில் புழங்கும் மதிப்பீட்டுத் தாள், கேள்விப் பத்திரம், கூட்ட அறிக்கை எல்லாம் பெரும்பாலும் சிங்களத்தில்தான் இருக்கும். இரத்தோட்டைப் பக்கத்திலோ உக்குவளைப் பக்கத்திலோ இருக்கும் ஒரு தமிழ்த் தாய்க்கு, அந்தத் தாளில் தன் பாதையின் பெயர் இருக்கிறதா இல்லையா என்று அவள் மொழியில் சொல்லக்கூடியவர் மெம்பர்தான். அவர் சொல்லும் செய்தியில் பிழை இருக்கலாம், தற்புகழ்ச்சி இருக்கலாம். ஆனாலும் அலுவலகம் என்ற மூடிய கதவில் இருக்கும் ஒரே திறப்பு அது.

அந்தத் திறப்பின் அருமை அது அடைபட்டிருந்த காலத்தில் நன்றாக விளங்கியது. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தல், பணமில்லை என்ற காரணத்தோடு தள்ளிப்போயிற்று. தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்களிப்பு நடந்தது 2025 மே 6ஆம் திகதி. இடைப்பட்ட இரண்டு ஆண்டுக்கும் மேலாகச் சபைகளை நடத்தியவர்கள் செயலாளர்களும் ஆணையாளர்களும். 2022 பொருளாதார நெருக்கடியில் தார் விலை ஏறி, ஒப்பந்தக்காரர்களுக்குக் காசு நின்று, நாடெங்கும் வீதி வேலைகள் பாதியில் கிடந்ததன் தொடர்ச்சி அது. கிண்டிய பாதை ஏன் மூடப்படவில்லை, கொட்டிய கல் எப்போது பரவப்படும் என்று கேட்க ஆள் இல்லை. கந்தோருக்குப் போனால் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். எழுதிக் கொடுப்பதற்கே இன்னொருவரைத் தேட வேண்டிய மக்கள் அவர்கள்.

புதிய சபைகள் அமைந்து ஆறு மாதத்துக்குள், 2025 நவம்பர் கடைசியில், டித்வா புயல் வந்தது. மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. மண்சரிந்து மலைப்பாதைகள் பல இடங்களில் அறுந்தன. அப்படிப்பட்ட வேளையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிவிப்பு பிரதேச செயலகப் பிரிவின் பெயரோடு நின்றுவிடும். அதற்குமேல் நுணுக்கமாகச் சொல்ல அதனால் முடியாது. கோயில் வளைவுக்கு அப்பால் போக வேண்டாம், பழைய தொழிற்சாலைப் பாதையால் சுற்றி வாருங்கள் என்று சொல்ல அந்த வளைவை அறிந்த ஒருவர் வேண்டும். எங்கே நிலம் வெடித்திருக்கிறது, எந்த லயத்தின் பின்சுவரில் நீர் ஊறுகிறது என்ற தகவலும் அவர் வழியாகத்தான் மேலே போக வேண்டும். செய்தி கீழே இறங்கவும், மக்கள் சொல் மேலே ஏறவும் ஒரே ஆள். இந்த வழக்கம் தன் முழு உயரத்தில் நிற்பது இப்படியான நாட்களில்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டே மற்ற நாட்களைப் பார்க்க வேண்டும்.

வீதியையும் மக்கள் சொல்லையும் பற்றிப் பேசுவதற்கு மாத்தளையை விடப் பொருத்தமான மண் இலங்கையில் குறைவு. 1848இல் ஆளுநர் டொரிங்டனின் ஆட்சி ஒரு வீதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் கூலியின்றி வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிந்ததென்று பதினைந்து ஆண்டுகள் மூச்சுவிட்டிருந்த கண்டிய விவசாயிக்கு அது புதுப் பெயரில் வந்த பழைய நுகம். அவன் வெட்டும் வீதியால் அதிகம் பயனடைந்தது கோப்பித் தோட்டம். துப்பாக்கி வரி, நாய் வரி, கடை வரியோடு இந்த வீதி வேலையும் சேர்ந்து மாத்தளைக் கிளர்ச்சியாக மூண்டது. கிளர்ச்சித் தலைவர்களில் கொங்கலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் முடிசூட்டப்பட்டார். இன்னொரு தலைவரான புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டுகளில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தா வழியாக வடக்குப் பாதையில் நடந்து மாத்தளைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் எங்கள் முன்னோர். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். ரயில் மாத்தளைக்கு வந்தது 1880இல், அதுவரை கால்தான். வீதியை வெட்டியவன் ஒருவன், அதில் நடந்து செத்தவன் இன்னொருவன். எங்கே வெட்டுவது, எப்படி வெட்டுவது என்று இருவரிடமும் எவரும் கேட்டதில்லை.

அந்தக் கேளாமை சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது, அதுவும் சட்டத்தின் பெயரால். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டங்களுக்குள் சபை சேவை செய்வதற்கு அது தடையாக நின்றது. குறைந்தது, தடை என்றே சபைகள் அதை எடுத்துக்கொண்டன. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள். சபைப் பணம் தோட்டத்து வாசலோடு நின்றது. 1992இல் தோட்டங்களின் முகாமை கம்பனிகளிடம் போனது. லயத்துக்குப் போகும் பாதை அதன் பிறகும் துரையின் தயவில் கிடந்தது. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டு, சபை நிதி உள்ளே போக வழி பிறந்தது. ஆகவே ஒரு மெம்பர் லயத்து வாசலில் நின்று, இந்தப் பாதைக்குச் சபை இவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்று சொல்வதே எங்கள் மக்களின் வரலாற்றில் புத்தம் புதிய காட்சி. அதைச் சாதாரணமாக எண்ணிவிட முடியாது. புதியது என்பதற்காக அதன் குறைகளைப் பொறுத்துக்கொள்ளவும் முடியாது.

முதற்குறை, வீதி யாருடையது என்பதைச் சொல்லாமல் விடுவது. மெம்பர்கள் சொல்லும் செய்திகளில் நான் அதிகம் கேட்பது, "நடவடிக்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன்" என்பதுதான். யாரிடம்? அதிகார சபையின் வீதியென்றால் அவர் கடிதம் கொடுக்கலாம், அவ்வளவுதான். மாகாண வீதியின் நிலை இன்னும் மோசம். மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். 2018இல் அதன் காலம் முடிந்த பிறகு மக்கள் தெரிவு செய்த ஒருவரும் அங்கே இல்லை, ஆளுநரும் அதிகாரிகளும்தான். மாகாண வீதியில் குழி விழுந்தால் பதில் சொல்ல வேண்டிய அரசியல்வாதியே கிடையாது. அந்தப் பழியும் மெம்பர் தலையில் விழுகிறது. "இது மாகாணத்து ரோடு, இதற்குப் பொறுப்பான பொறியியலாளர் கந்தோர் இது, நான் இன்ன திகதியில் எழுதிய கடிதம் இது, பதில் இன்னும் வரவில்லை" என்று அவர் வெளிப்படையாகச் சொன்னால் இரண்டு நன்மை. பழி போக வேண்டிய இடத்துக்குப் போகும். மக்களின் அழுத்தமும் அங்கே போகும். ஆனால் பெரும்பாலானவர்கள் அப்படிச் சொல்வதில்லை. தன்னால் முடியாது என்பதை ஒத்துக்கொண்டால் அடுத்த முறை வாக்கு விழாது என்ற பயம். அந்தப் பயத்தால் எல்லா வீதிக்கும் சொந்தக்காரர் போலக் காட்டிக்கொண்டு, எல்லாக் குழிக்கும் குற்றவாளியாகிறார்கள்.

இரண்டாவது குறையை இன்னும் கடுமையாகப் பார்க்கிறேன். கிடைத்த வேலையின் செய்தி வருகிறது. கிடைக்காத வேலையின் செய்தி வருவதேயில்லை. ஒரு கிளைப் பாதைக்குக் கொங்கிரீட் போடுவதென்றால் முதலில் யாரோ ஒருவர் கோரிக்கைக் கடிதம் கொடுக்கிறார். உறுப்பினர் சபையில் பிரேரணை வைக்கிறார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து நாடா பிடித்து அளந்து மதிப்பீடு போடுகிறார். பிறகு பணம் தேடப்படுகிறது: சபையின் சொந்த நிதி, மாகாண ஒதுக்கீடு, அமைச்சின் திட்டம், நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி என்று பல பை. ஐந்து பாதைகள் வரிசையில் நிற்கும்போது ஒன்று முந்துகிறது, நான்கு பிந்துகின்றன. முந்தியதன் படம் வருகிறது. பிந்திய நான்கும் ஏன் பிந்தின என்று ஒரு வரிகூட வருவதில்லை. செய்தி இல்லாத இடத்தில் சந்தேகம் குடியேறுகிறது. அந்தப் பக்கம் சிங்கள ஆட்கள், இந்தப் பக்கம் நம்ம ஆட்கள் என்று ஒரு பேச்சு. அவர் கட்சி, இவர் கட்சி என்று இன்னொரு பேச்சு. சிலசமயம் அது உண்மையாகவும் இருக்கும். பெரும்பாலும் பணம் வந்த பையின் நிபந்தனைதான் காரணமாக இருக்கும். எது என்று தெரிந்துகொள்ள மக்களுக்கு வழி இல்லை என்பதுதான் பிரச்சினை.

வழி சட்டத்தில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தைத் தகவல் கேட்டு விண்ணப்பிக்கும் சட்டமாகவே பலரும் அறிந்திருக்கிறோம். அதன் 9ஆம் பிரிவு வேறொன்றும் சொல்கிறது. உள்நாட்டு நிதியில் 500,000 ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமானால், வேலை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அதைப் பற்றிய தகவலைப் பொதுவாக மக்களுக்கும், குறிப்பாக அதனால் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு அமைச்சர்மாருக்கு விதிக்கும் கடமை. இன்றைய சீமெந்து விலையில் ஐந்து இலட்சத்துக்குள் அடங்கும் வீதி வேலை எவ்வளவு நீளம் இருக்கும்? ஆகவே அமைச்சின் பணத்தில் வரும் கிராமத்து வீதிகளில் பெரும்பாலானவை இந்தப் பிரிவுக்குள் வரக்கூடியவை. ஆனால் மூன்று மாதம் முன்பு யாராவது லயத்துக்கு வந்து, இந்தத் தொகை, இந்த நீளம், இத்தனை அங்குலக் கனம் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. வேலைத்தளத்துப் பலகை வேலை தொடங்கிய பிறகு வருகிறது. சிலசமயம் முடிந்த பிறகு, நன்றியோடு சேர்ந்து வருகிறது.

முன்கூட்டிச் சொல்வதோடு கணக்கையும் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ராஜஸ்தானத்தில் ஒரு முன்னுதாரணம் உண்டு. மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற அமைப்பு 1994 டிசெம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் ஒரு மக்கள் விசாரணையைக் கூட்டியது. கிராமத்து வேலைகளின் பற்றுச்சீட்டையும் வருகைப் பதிவேட்டையும் மக்கள் நடுவில் உரக்க வாசித்தார்கள், அவ்வளவுதான். வேலைக்கு வராதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அவர்களே எழுந்து சொன்னதும் வெளியில் வந்தது. எழுத்தறியாதவர்களுக்குக் கணக்கு விளங்காது என்பவர்களுக்கு அந்த ஊர் கொடுத்த பதில் போதும். தன் ஊர் மதகுக்கு எத்தனை மூட்டை சீமெந்து இறங்கியது என்பது அந்த வழியில் கடை வைத்திருப்பவருக்குத் தெரியும். எழுதியிருப்பது எத்தனை என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது. அந்த ஒன்றைச் சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர் சபை உறுப்பினர். எங்கள் மெம்பர்களில் எவராவது ஒரு மதிப்பீட்டுத் தாளைத் தமிழில் வாசித்துக் காட்டும் நாள் வந்தால் அதை ஒரு திறப்பு விழாவை விடப் பெரிய விழாவாக நான் கொண்டாடுவேன்.

இனி, கருத்துக் கேட்பது. கூட்டம் பெரும்பாலும் காலை பத்து மணிக்கு. அலுவலர்களுக்கு வசதியான நேரம். மலையில் நிற்கும் ஒரு பெண் அந்த நேரத்துக்கு வந்தால் அரைப் பேர் விழும். அன்றைய சம்பளத்தில் பாதி போகும். அதனால் வருபவர்கள் ஓய்வு பெற்றவர்கள், கடைக்காரர்கள், சங்கத் தலைவர்கள். எல்லோரும் ஆண்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல, ஆனால் அது அவர்களின் வீதி: லொறி வரும் அகலம், கடை வாசலுக்குத் தார். கொழுந்து மூட்டையோடு குறுக்குப் பாதையில் இறங்குபவளின் வீதி வேறு. அவளுக்கு வேண்டியது வழுக்காத நான்கு படிக்கட்டும் ஒரு கைப்பிடியும் இருட்டில் ஒரு விளக்குமாக இருக்கலாம். அவை "வீதி அபிவிருத்தி" என்ற தலைப்பின் கீழ் எவருடைய பட்டியலிலும் வருவதில்லை. மாலை ஆறு மணிக்கு லயத்து வாசலிலேயே கூட்டம் வைத்தால் பட்டியலின் நிறமே மாறிவிடும். செலவு ஒன்றும் இல்லை.

எழுதிக்கொள்ளாமல் கேட்பது இன்னொரு பழக்கம். சொல்லப்பட்டவை அறிக்கையாகிச் சபைக்குப் போகின்றனவா, எந்தக் கருத்து ஏற்கப்பட்டது, எது தள்ளப்பட்டது, ஏன் என்ற பதில் திரும்பி வருகிறதா என்று பார்த்தால், இல்லை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மானம் ஏட்டில் ஏறுகிறது. அங்கேயும் அது பல ஊர்களில் சடங்காகிப்போனதை அறிவேன். ஆனாலும் ஏறிய தீர்மானத்தைக் காட்டிக் கேள்வி கேட்க முடியும். இலங்கையின் பிரதேச சபைச் சட்டத்தில் அதற்கு ஒப்பான கட்டாயக் கூட்டம் இல்லை. சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத குடியிருப்பாளர்களைச் சேர்த்துக்கொள்ள மட்டும் இடம் இருக்கிறது. அது சபையின் விருப்பத்தைப் பொறுத்தது. எல்லாம் மெம்பரின் நல்ல மனத்தில் தொங்குகிறது. நல்ல மனம் உள்ளவர் மாறினால் வழக்கமும் போய்விடும்.

இவ்வளவும் சொன்னாலும், மக்கள் கருத்து என்றாலே அது சரியாக இருக்கும் என்று நான் வாதாட வரவில்லை. சிக்காகோ நகரின் 49ஆம் வட்டார உறுப்பினர் ஜோ மூர் 2009இல் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். வட்டாரத்து வேலைகளுக்காகத் தன் விருப்பத்தில் செலவிடக்கூடிய பணம், ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலருக்கும் மேல், எதற்குப் போக வேண்டும் என்பதை மக்களின் வாக்குக்கே விட்டார். நடைபாதை திருத்தம் போன்ற எளிய வேலைகளுக்கு மக்கள் முன்னுரிமை கொடுத்தார்கள். அமெரிக்காவில் பல வட்டாரங்கள் பின்பற்றிய முறையாக அது வளர்ந்தது. அதை அப்படியே மாத்தளைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? சந்தியைச் சுற்றி இருநூறு வீடு, மலை உச்சியில் இருபது லயக் காம்பரா. வாக்கு என்றால் சந்தி ஒவ்வொரு முறையும் வெல்லும். உச்சியில் இருக்கும் கர்ப்பிணிப் பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் நிலை இன்னும் இருபது ஆண்டு நீடிக்கும். பெரும்பான்மையின் விருப்பமும் தேவையும் வேறுவேறாகும் இடங்களில் உறுப்பினர் தன் தீர்ப்பைப் பயன்படுத்தத்தான் வேண்டும். தீர்ப்பளித்துவிட்டு, ஏன் அப்படித் தீர்த்தேன் என்று சந்தியில் நின்று சொல்லும் தைரியமும் வேண்டும்.

மக்களிடமும் குறை இருக்கிறது. நம் வாசலுக்கு வீதி வேண்டும், நம் வேலியை ஓரடி உள்ளே தள்ளமாட்டோம். வடிகானுக்கு இடம் விடாமல் விளிம்பு வரை கொங்கிரீட் கேட்கிறோம். நீளம்தான் பெருமை, கானை எவரும் கேட்பதில்லை, மெம்பரும் அதைப் படம் பிடிப்பதில்லை. ஆனால் மலைநாட்டில் வீதியைத் தின்பது வாகனத்தை விடத் தண்ணீர். நான் குடியிருக்கும் பக்கத்தில் ஒரு பாதைக்குக் கொங்கிரீட் போட்டார்கள். அளக்க வந்தது காய்ந்த மாதத்தில். மேல்வளைவில் மழைக்காலத்தில் மட்டும் ஊற்றெடுக்கும் ஓர் இடம் உண்டு. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைச் சொன்னார். "இங்க ஒரு போக்கு வைக்கணும் தம்பி, ஐப்பசியில தண்ணி இப்பிடித்தான் பாயும்" என்று குடையால் கோடு போட்டே காட்டினார். மதிப்பீட்டில் இல்லை என்று பதில் வந்தது. இரண்டாவது மழையில் கொங்கிரீட்டின் அடிமண் அரித்துப்போய், ஓரம் பலகைபோல அந்தரத்தில் நின்றது. இப்போது த்ரீவீலர்கள் உட்புறமாக ஒதுங்கிப் போகின்றன. அந்தப் பெரியவரின் சொல் எந்த ஏட்டிலும் இல்லை. ஏட்டில் இருந்திருந்தால், அடுத்த மதிப்பீட்டுக்காவது அது உதவியிருக்கும்.

மெம்பரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பிரதேச சபையில் நிறைவேற்று அதிகாரம் தவிசாளருக்கு. சாதாரண உறுப்பினர் பேசலாம், வாக்களிக்கலாம், காசோலையில் கையெழுத்திட முடியாது. இன்றைய கலப்புத் தேர்தல் முறையில் அறுபது வீதம் வட்டாரத்திலிருந்தும் நாற்பது வீதம் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். ஒரே ஊரில் வட்டாரத்தில் வென்றவரும் பட்டியலில் வந்தவரும் இருக்க நேரும்போது, ஒரு மதகை இருவரும் தத்தமது சாதனையாகச் சொல்கிறார்கள். போதாதற்கு, 2025இல் தொடங்கிய பிரஜாசக்தித் திட்டத்தில் ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் சமூக அபிவிருத்திச் சபை ஒன்று அமைகிறது. மக்களின் தேவைகளைப் பட்டியலிடும் வேலை அங்கேயும் நடந்தால், வாக்கால் வந்த உறுப்பினரின் பட்டியலுக்கும் நியமனத்தால் வந்தவர்களின் பட்டியலுக்கும் எது முந்தும் என்ற கேள்வி எழாமல் இருக்காது. இந்த நெருக்கடியில் உறுப்பினருக்குத் தன் பெயரை நிலைநிறுத்தப் படமும் நாடாவும் தேவைப்படுகின்றன. அதற்காக அவரைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. சிறு கொடுப்பனவுக்கு இரவு பகலாகத் தொலைபேசி எடுக்கும் மனிதர் அவர்.

ஆனாலும் ஒன்றை அவர் கையிலேயே வைத்திருக்கிறார், எந்தத் தவிசாளரும் அதைத் தடுக்க முடியாது. ஒப்பந்தத்தில் கட்டிய வீதியில், வேலை முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலத்துக்கு வரும் குறைகளை ஒப்பந்தக்காரரே திருத்தித் தர வேண்டும். அதற்குப் பிணையாக அவருடைய பணத்தில் ஒரு பகுதி பிடித்து வைக்கப்படும். அந்தக் காலம் தொடங்குவது வேலை முடிந்ததும். அதாவது மெம்பரின் செய்தி ஓயும் அதே வேளையில். வெடிப்பு எங்கே, தாழ்வு எங்கே, எந்த மதகு தண்ணீரை விழுங்க மறுக்கிறது என்று மக்கள் நன்றாகப் பார்க்கத் தொடங்குவதும் அப்போதுதான். யாருக்கும் தெரியாமல் காலம் கழிகிறது. பிடித்த பணம் விடுபடுகிறது. அதன் பிறகு வரும் முறைப்பாட்டுக்குச் சபைதான் மறுபடி பணம் தேட வேண்டும், அது கிடைக்கப் பல ஆண்டு. இந்தத் திகதியை, "இன்ன மாதம் வரை குறை இருந்தால் சொல்லுங்கள், திருத்தச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது" என்று திறப்பு விழாப் படத்தோடு சேர்த்துச் சொன்ன ஒரு மெம்பரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

டித்வாவில் அறுந்த பாதைகள் ஒவ்வொன்றாக இப்போது கட்டப்பட்டு வருகின்றன. அதே வளைவுகளில், அதே நீர் வரும் இடங்களில். வேலை முடியும் ஒவ்வொரு பாதையிலும் மார்கழி மழை ஓய்ந்த ஒரு காலையில் மெம்பரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் ஒரு கொப்பியோடு மறுபடி நடந்து போகலாம். முதல் வீட்டில் கதவைத் தட்டி, "போன மாசம் தண்ணி எந்தப் பக்கமா வந்துச்சு பெரியவரே?" என்று கேட்கலாம்.